கூட்டமா, டிரெய்னரா, ஸ்ட்ராவாவா?

சைக்கிள் வாங்கிய முதல் மூன்று மாதம் யாரும் யாரையும் எழுப்பிவிட வேண்டியதில்லை. நாலாவது மாதம், காலை ஐந்து மணி அலாரத்தோடு வெளியே மழைச் சத்தமும் கேட்டால் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மலேசியாவின் பினாங்குத் தீவில் இதைத் தாண்ட நான் மூன்று வழிகளைப் பிடித்துப் பார்த்தேன்: நாலு பேரோடு கூட்டமாகச் சேர்ந்து ஓட்டுவது, வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்மார்ட் டிரெய்னர், ஓட்டிய தூரத்தையும் நேரத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி.

ஸ்ட்ராவாவை முதலில் முடித்துவிடலாம். செலவு கிடையாது, யாருக்கும் காத்திருக்க வேண்டாம். தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் பக்கம் ஏறும் சாலையில் போன வாரத்தைவிட இருபது விநாடி குறைந்தால் அன்று முழுக்கச் சிரிப்புதான். ஆனால் காய்ச்சலில் படுத்து எழுந்தபின் அதே ஏற்றத்துக்கு நான்கு நிமிடம் கூடுதலாக ஆனது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை. நல்லா ஓட்டும் நாளில் தட்டிக்கொடுத்து, முடியாத நாளில் கைவிடும் நண்பன் மாதிரி. பின்காற்று தள்ளிக் கிடைத்த ரெக்கார்டை நம் திறமை என்று நம்பவைப்பது வேறு.

டிரெய்னர் அப்படியில்லை, கறாரான வாத்தியார். இத்தனை வாட் சக்தியில் மிதிக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், கால் தளர்ந்து மிதி குறைந்தாலும் அது எதிர்ப்பைக் கூட்டி அதே வாட்டில் பிடித்துவைக்கும். ஏமாற்ற வழியில்லை. சிக்னல் இல்லை, லாரி இல்லை. 45 நிமிடத்தில் உருப்படியான பயிற்சி முடிந்துவிடும். டிரெய்னரோடு இணைத்து திரையில் ஓட்டும் ஸ்விஃப்ட் (Zwift) செயலியில் 21 வளைவுகள் கொண்ட மலையேற்றம்கூட உண்டு. வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து மழை கொட்டும் ஊருக்கு இதைவிடத் தோதானது இல்லை.

சிக்கல் என்னவென்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் இரண்டு வைத்தாலும் தரையில் குளம் கட்டும். ஒரு வருடம் கழித்து ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தேன். உள்ளே அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அத்தனையும் என் வியர்வை உப்பு அரித்த வேலை. கீழ் வீட்டு அக்கா லிஃப்டில், "என்ன தம்பி, ராத்திரியில மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சுவரைப் பார்த்து மிதிக்கும் சலிப்புதான் ஆளைத் தின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போட்டு வாங்கியதில் துண்டு காயப்போடுபவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

கூட்டத்தோடு போவதில் பயிற்சி என்று பார்த்தால் ஓட்டைகள் அதிகம். ஒருவர் பஞ்சர் என்றால் பத்துப் பேர் நிற்க வேண்டும். முன்னால் போகிறவருக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டால் புதியவர் பாயான் லெப்பாஸ் வருவதற்குள் செத்துப்போவார். பாலிக் பூலாவில் பசியாற உட்கார்ந்தால் லக்சா நூடுல்ஸ், அப்புறம் தே தாரிக் டீ, அப்புறம் அரட்டை. உடம்பு ஆறிப்போன பிறகுதான் எழுவார்கள். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் இருட்டில், விளக்கை நம்பித்தான் ஓட்டம்.

அப்படியிருந்தும் என்னை நிறுத்தாமல் ஓடவைத்தது இதுதான். கர்னி டிரைவில் விளக்குக் கம்பத்தடியில் எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் ஆறு மணிக்குச் சரியாக நிற்பார். வயது அறுபதைத் தாண்டியவர். ஒரு சனிக்கிழமை போகவில்லை என்றால் ஏழு மணிக்கு வாட்ஸ்அப் வரும்: "காய்ச்சல் தம்பிக்கா, சைக்கிளுக்கா?" அந்த ஒரு வரிக்குப் பயந்தே எத்தனையோ முறை தீவைச் சுற்றி வந்திருக்கிறேன், கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். எதிர்காற்றில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும் சுகத்தை எந்தச் செயலியும் தராது.

என் கணக்கு இப்படி: சனிக்கிழமை கூட்டம், வாரநாளில் இரண்டு முறை டிரெய்னர். மூன்றாவது முறை வைத்துப் பார்த்தேன், ஒரு மாதத்தில் வெறுத்துவிட்டது. ஸ்ட்ராவா போனில் இருக்கிறது. நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்துவிட்டேன். ஒன்றுக்குத்தான் நேரமோ காசோ இருக்கிறது என்றால் யோசிக்காமல் கூட்டத்தைப் பிடியுங்கள், உங்களைவிடக் கொஞ்சம் மெதுவான கூட்டமாக இருந்தாலும்.

நாளைக் காலை மழை என்று போன் சொல்கிறது. அண்ணன் இன்னும் 'கேன்சல்' என்று போடவில்லை. பின்விளக்கைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.