"காப்புறுதிதானே தரப்போகிறது" என்று சொல்லும் வைத்தியசாலையில் கையெழுத்திடாதீர்கள்

அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியில் இருக்கும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஓய்வூதியர்கள் அனைவரும் இதை ஒருமுறை வாசியுங்கள். யாழ் நகரிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலை, என் மனைவிக்குச் செய்யாத சிகிச்சைகளையும் சேர்த்து விலைப்பட்டியல் போட்டது. கேட்டபோது காசாளர் சொன்ன பதில்: "ஐயா, நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்? காப்புறுதிதானே தரப்போகிறது." முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அவர்களின் வழிமுறை தெரிந்திருப்பது போதும்.

மனைவி ஓர் ஆசிரியை. மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவும் காலம். இரவில் காய்ச்சல் கூடியதால் அருகிலிருந்த இடத்தில் அனுமதித்தோம். பதிவு மேசையில் பெயரைக் கேட்ட கையோடு, "காப்புறுதி உண்டா? எந்தத் திணைக்களம்?" என்று கேட்டார்கள். என்ன வருத்தம் என்பது அதற்குப் பிறகுதான். தாதியர்களைக் குறைசொல்ல மாட்டேன். சேலைன் ஏற்றுவதிலும் குருதிச் சிறுதட்டுகளின் அளவைக் கவனிப்பதிலும் அவர்கள் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். பிழை கட்டிலுக்கு அருகில் நடக்கவில்லை, கணக்குப் பிரிவில் நடந்தது.

துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னபின் கையில் தந்த விலைப்பட்டியலில் "மருத்துவச் செலவுகள்" என்று ஒரே வரியில் பெரியதொரு தொகை. விபரமாகத் தரும்படி கேட்டேன். காப்புறுதிப் படிவத்துக்கு அது தேவையில்லை என்றார்கள். காப்புறுதிக்குத் தேவையோ இல்லையோ, பணம் கட்டுகிற எனக்குத் தேவை என்று அங்கேயே நின்றேன். நெடுநேரம் கழித்து விபரம் வந்தது. இருமல்கூட இல்லாதவருக்கு நெபுலைசர் பிடித்ததாக இருந்தது. வைத்திய நிபுணர் வந்து பார்த்ததைப் போல இருமடங்கு வருகைகள் எழுதப்பட்டிருந்தன. நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய அடுத்த நாளுக்கும் அறைக் கட்டணம் இருந்தது.

இதைவிட மோசமான ஒன்றை நோய்நிர்ணய அட்டையில் கண்டேன். நெபுலைசர் கணக்கு நியாயமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, டெங்குக் காய்ச்சலுக்குக் கீழே மூச்சிரைப்பு என்று சேர்த்திருந்தார்கள். என் மனைவிக்கு வாழ்நாளில் மூச்சிரைப்பு வந்ததில்லை. நாளை அவர் வேறொரு வைத்தியரிடம் போனால் அந்த அட்டையை நம்பித்தான் மருந்து எழுதுவார். ஓர் ஆயுள் காப்புறுதிக்கு விண்ணப்பித்தால், முன்பே நோய் இருந்தது, மறைத்துவிட்டீர்கள் என்று கையை விரிக்க அந்த ஒரு சொல் போதும். பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். உடம்பைப் பற்றிப் பொய்யாக எழுதிய பதிவு எத்தனை கோப்புகளுக்குள் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

"காப்புறுதி தரும்" என்ற பேச்சே ஓர் ஏமாற்று. வழமையாக நாம் முதலில் கட்டுகிறோம், பிறகு விண்ணப்பித்துப் பெறுகிறோம். ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. கூட்டிப் போட்ட தொகை அந்த எல்லையைத் தாண்டினால், மிகுதி நம் சட்டைப்பையிலிருந்து போகிறது. தாண்டாவிட்டால், அந்த ஆண்டில் நமக்குரிய பங்கு நடக்காத சிகிச்சைக்குக் கரைகிறது. பிறகு உண்மையாகவே சத்திரசிகிச்சை வரும்போது எல்லை முடிந்துவிட்டது என்பார்கள். அந்த நிதியில் இருப்பதும் யாரோ கொடுத்த தானம் அல்ல. பாடசாலைக் காவலாளியின் சம்பளச் சிட்டையிலும் மாதாமாதம் அதற்கென்று ஒரு கழிவு இருக்கிறது.

வைத்தியசாலைகளோடு இது நிற்கவில்லை. அலுவலகங்களுக்கும் பாடசாலை ஓய்வறைகளுக்கும் வந்து, "படிவத்தில் கையெழுத்தை மட்டும் போடுங்கள் சேர், மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலைசெய்யும் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்காக அப்படி ஒருவரிடம் வெற்றுப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் கொடுத்தார். கணக்கில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பணம் விழுந்தது. தரகர் அன்றே வந்து, அது மாறி வந்த பணம் என்று மிகுதியை வாங்கிப் போய்விட்டார். சில மாதங்களில் விளக்கம் கேட்டு வந்த கடிதம் தரகருக்கு வரவில்லை. கையெழுத்துக்கு உரியவருக்கு வந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் வஞ்சித்தல் குற்றம். அரச ஊழியருக்கு அதற்கு மேல் தாபன விதிக்கோவையின் ஒழுக்காற்று விசாரணையும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு அருகில் நிற்கும் மனிதர் இன்று தூக்கமில்லாமல் அலைகிறார்.

அரசாங்கத்தின் மேற்பார்வை எங்கே என்று கேட்பீர்கள். சட்டங்கள் இருக்கின்றன. அக்ரஹாரவை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதே ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் வைத்தியசாலைகளைப் பதிவுசெய்யவும் ஒழுங்குபடுத்தவும் ஒரு பேரவையை உருவாக்கியது. பொதுப் பணத்தைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார். பாராளுமன்றத்தில் அரச நிறுவனங்களின் கணக்குகளை விசாரிக்கும் கோப் குழு கேள்வி கேட்கிறது. ஆனால் எந்தக் கணக்காய்வாளருக்கும் போய்ச் சேருவது கடதாசிதான். முத்திரை சரி, கையெழுத்து சரி, தொகை எல்லைக்குள் இருக்கிறது என்றால் கடதாசி பேசாது. நெபுலைசர் பிடிக்கவில்லை என்பது கட்டிலில் படுத்திருந்தவருக்குத் தெரியும். அவரிடம் யாராவது கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புறுதியில், உங்கள் பெயரில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு கேட்டார்கள் என்று பயனாளிக்கே அறிக்கை அனுப்புகிறார்கள். அதை வாசித்துப் பிழை கண்டுபிடிக்க முதியவர்களுக்கு உதவும் தொண்டர் திட்டம் ஒன்று 1997 முதல் நடக்கிறது. பொய்க் கணக்கைக் காட்டிக்கொடுத்து வழக்குத் தொடுப்பவருக்கு மீட்கும் பணத்தில் பங்கு தரும் சட்டம் அங்கே 1863இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் என்ற அரச மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைப் பற்றி 2023இல் வெளிவந்த கணக்காய்வு அறிக்கை, ஏறக்குறைய ஏழரை இலட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே தொலைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததைக் காட்டியது. இறந்துவிட்டதாக முன்பே பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டதையும் அதே அறிக்கை சொன்னது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வீட்டு விசாரிப்பு போதாதா இவற்றைப் பிடிக்க? நம் நாட்டில் ஒவ்வொரு விண்ணப்பம் பதிவாகும்போதும், எந்த வைத்தியசாலை, எத்தனை நாள், என்ன சிகிச்சை என்று காப்புறுதி பெற்றவருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு குறுந்தகவல் போவதைச் சட்டக் கட்டாயமாக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கேட்கட்டும்.

அதுவரை நம்மை நாமே காக்கவேண்டியிருக்கிறது. நோயாளியோடு நிற்பவர் ஒரு கொப்பியில் வைத்தியர் வந்த நேரம், கொடுத்த மருந்து, எடுத்த பரிசோதனை ஆகியவற்றை எழுதி வையுங்கள். பணம் கட்டுமுன் விபரமான விலைப்பட்டியலைக் கேளுங்கள். நோய்நிர்ணய அட்டையை வாசலிலேயே வாசியுங்கள், புரியாவிட்டால் தாதியிடம் கேளுங்கள். நிரப்பாத படிவத்தில் எவர் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. நான் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியில் எந்தெந்தக் கட்டணங்களை ஏற்கவில்லை என்று எழுதி, முகாமையாளரின் கையொப்பத்தையும் வாங்கினேன். பிறகு எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் காப்புறுதி நிதியத்துக்கும் தமிழிலேயே எழுதி அனுப்பினேன். அரச நிறுவனத்திடம் உங்கள் கோப்பைப் பற்றிய தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைச் சொல்லவேண்டும்.

கடிதம் போனபின் வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. கூடுதலாக எடுத்த பணத்தைத் தருகிறோம், முறைப்பாட்டை மீளப்பெறுங்கள் என்றார்கள். பணத்தையும் திருத்திய விலைப்பட்டியலையும் பெற்றுக்கொண்டேன், முறைப்பாட்டை மீளப்பெறவில்லை. மூச்சிரைப்பு என்ற சொல்லை நீக்கிய நோய்நிர்ணய அட்டையை இன்னும் தரவில்லை. அதைத் தரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். அதே மாதிரியான விலைப்பட்டியல் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள், நீங்களும் பேரவைக்கு எழுதுங்கள்.