கொலைகாரனை எங்கே நின்று பார்ப்பது?

கல்லடியில் கூடும் எங்கட வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதத்துக்கு எந்தப் புத்தகம் என்று இழுபறி. ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ (1966) ஒரு பக்கம், ஆன் ரூலின் ‘தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ’ (1980) மறுபக்கம். இரண்டும் உண்மைக் கொலைகள்.

சொல்பவர்
கபோட்டி: ‘நான்’ மருந்துக்கும் இல்லை.
ரூல்: ‘நான்’ இல்லாமல் கதையே இல்லை. 1971இல் சியாற்றிலில், நெருக்கடியில் இருப்போருக்கான தொலைபேசிச் சேவையில் பிறகு தொடர்கொலைகாரன் என்று தெரியவந்த டெட் பண்டியோடு சேர்ந்து வேலை செய்தவர்.

கொலைகாரன்
கபோட்டி: பெரி ஸ்மித்தின் சீரழிந்த பிள்ளைப்பருவத்தில் அவ்வளவு ஊன்றி நிற்கிறார், கூட்டாளி ஹிக்கொக்குக்கு அந்தப் பரிவு இல்லை. 1959இல் கன்சாஸில் செத்த நாலு பேரும் மெல்ல மங்கிப்போகிறார்கள். எனக்கு இது நெருடல்தான்.
ரூல்: இரவு வேலை முடிய காரடி மட்டும் கூடவந்து ‘கவனம்’ சொல்லி அனுப்பிய நல்ல பொடியன். பயமே அங்கேதான்.

நம்பகம்
கபோட்டி: கடைசி மயானக் காட்சி இட்டுக்கட்டியது.
ரூல்: முன்னாள் பொலிஸ்காரி, தன் மனம் நம்ப மறுத்ததை ஒளிக்கவில்லை.

எழுத்துப் பழகுகிறவர்களுக்குக் கபோட்டி. பழகின முகத்தை எவ்வளவு தெரியும் என்று யோசிப்பவர்களுக்கு ரூல். என் வாக்கு ரூலுக்கு, ஆங்கிலமும் லேசு.