பழைய கமாரோவின் லொட்டு லொசுக்குகள்: வண்டியில் வந்ததா, நகலா?

செவ்ரோலே கம்பெனியின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான 1969 கமாரோவைப் புதுப்பிக்க உட்காருகிறவருக்கு உதிரிபாகப் பஞ்சம் என்பதே கிடையாது. ஒஹையோவின் நார்வுட், கலிஃபோர்னியாவின் வான் நைஸ் என்று இரண்டு ஆலைகளிலிருந்து அந்த ஒரு மாடலில் மட்டும் சுமார் 2,43,000 வண்டிகள் வெளிவந்தன. கிராக்கி இன்னும் குறையவில்லை என்பதால் சக்கரத்துக்கு மேல் வரும் ஃபெண்டர் தகட்டிலிருந்து முழு பாடி வரை புதிதாக அடித்து விற்கிறார்கள். ஆகவே பெரிய தகடுகளில் யோசிக்க ஒன்றுமில்லை, துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தால் புதுசு வாங்கிப் பற்றவைக்க வேண்டியதுதான். தலைவலியெல்லாம் கீல், போல்ட், கிளிப், தாழ்ப்பாள் மாதிரி சில்லறைச் சாமான்களில்தான். வண்டியில் வந்ததையே சுத்தம் செய்து திரும்பப் போடுவதா, நகல் வாங்கிப் போடுவதா?

நான் முடிந்த இடத்திலெல்லாம் பழசையே போட்டேன். இன்னொரு வண்டி எடுத்தாலும் அப்படித்தான் செய்வேன்.

விலையிலும் நேரத்திலும் நகல்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. பழசு என்றால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துரு எடுத்து, பூச்சுப் பட்டறைக்கு அனுப்பி, அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் ஷெட்டில் நிற்க முடிகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தக் கணக்கை எல்லாம் ஒன்றே ஒன்று கவிழ்த்துவிடும்: பொருத்தம்.

கதவுக் கீலைப் பாருங்கள். கமாரோவின் கதவு நீளம், கனமும் கூட. ஐம்பது வருடத்துக்கு மேல் திறந்து சாத்தியதில் கீலுக்குள் இருக்கும் பின்னும், அது சுழல்கிற புஷ் என்ற சின்ன உருளை வளையமும் தேய்ந்து, கதவின் பின்முனை தொங்கிப் போயிருக்கும். பாதி திறந்து வைத்து முனையைத் தூக்கிப் பாருங்கள், லொடக்கென்று ஆடினால் காரணம் இதுதான். உடனே புதுக் கீலுக்கு ஆர்டர் போடத் தோன்றும். தேய்ந்ததென்னவோ பின்னும் புஷ்ஷும்தான், கீலின் உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்னைத் தட்டி எடுத்து, புது வெண்கல புஷ் இறக்கி, புதுப் பின் போட்டால் ஆட்டம் போய்விடும். கழற்றுவதற்கு முன் கீலைச் சுற்றிக் கூரான முனையால் கோடு கிழித்து வையுங்கள், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்காரும். கதவைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங் மட்டும் ஜாக்கிரதை, அது தெறித்தால் விரல் தப்பாது.

இடது கதவில் நகல் கீலையும் மாட்டிப் பார்த்தேன். அதன் துளை மயிரிழைதான் தள்ளியிருந்தது, ஆனால் அந்த மயிரிழை கதவின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது கண்ணுக்குத் தெரிகிற கோணலாகிவிடுகிறது. முன்பக்க இடைவெளியைச் சரிசெய்தால் பின்பக்கம் தூக்குகிறது, பின்பக்கத்தை இறக்கினால் தாழ்ப்பாள் போய்க் கொக்கியில் இடிக்கிறது. பழைய கீலை, புதுப் பின்னோடு, கோட்டுக்கு நேராக வைத்து முறுக்கியதும் கதவு சரியாக வந்து சாத்திக்கொண்டது. பானட் கீலும் இதே ஜாதிதான்.

போல்ட்டில் பொருத்தத்தோடு தோற்றமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் காலத்து போல்ட்டின் தலையில் செய்த கம்பெனியின் எழுத்து இருக்கும், ஆர்.பி.டபிள்யூ., டி.ஆர். என்று. எல்லாம் ஒரே நிறமும் இல்லை, சிலது கருஞ்சாம்பல் பாஸ்பேட், சிலது வெள்ளை உலோகப் பூச்சு. கடையில் வாங்கும் செட் முழுக்க ஒரே பளபளப்பாக, கல்யாண மண்டபத்து வாடகை நாற்காலி வரிசை மாதிரி உட்கார்ந்திருக்கும். காணாமல் போன ஒன்றிரண்டை பென்சில்வேனியாவில் அக்டோபர்தோறும் நடக்கும் ஹெர்ஷி பழைய கார் உதிரிபாகச் சந்தையில் தேடலாம். பட்டறைக்கு அனுப்புமுன் எண்ணி, போட்டோ எடுத்து வைப்பது நல்லது. இன்னொன்று, பழைய பூச்சு காட்மியமாக இருக்கலாம். அது நச்சு, கம்பி பிரஷால் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

சரி, நகல்தான் வேண்டும் என்கிற இடங்களும் உண்டு. ரப்பர் எதுவானாலும் புதுசுதான். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய எரிபொருள் குழாயை அரித்துவிடும், பிரேக் குழாயில் பழமை பார்ப்பது பைத்தியக்காரத்தனம். கதவு ரப்பரும் வாங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் நகல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆரம்பத்தில் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும். அதனால் ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே கதவின் இடைவெளிகளைச் சரிசெய்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோணல் கீலினாலா ரப்பரினாலா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி புள்ளியாக அரித்த துத்தநாக வார்ப்பு பாகங்களும் அப்படித்தான். ஒவ்வொரு குழியையும் செம்பால் நிரப்பித் தேய்த்து, நிக்கல், அதன் மேல் குரோம் என்று போவதற்குள் நகலின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும்.

மறுவிற்பனை பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன், என் வண்டியை விற்கவில்லை. எஞ்சின் பிளாக்கில் குத்திய எண் வண்டியின் எண்ணோடு ஒத்துப்போவதற்கு விலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்தது, போல்ட் தலையின் எழுத்துக்குக் காசு கொடுப்பவர் பழைய கார் கண்காட்சிப் போட்டிக்கு வண்டி கொண்டுபோகிறவராகத்தான் இருப்பார் என்பது என் ஊகம். மஸ்டாங், சார்ஜர் மாதிரி மற்ற கம்பெனி கார்கள் எதிலும் நான் கை வைத்ததில்லை, இது முழுக்க செவ்ரோலே அனுபவம்.

எந்தப் பக்கம் போனாலும், புதுசு வந்து, மாட்டி, சாத்திப் பார்க்கிறவரை உடைந்த கிளிப்பைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். நகல் கிளிப்பை எந்த இடத்தில் எவ்வளவு வளைக்க வேண்டும் என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.