பை அதே நிறம்தான், அண்ணா

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பெட்டி தொலையவில்லை, வங்கி வேலை ஒரே காலையில் முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. என் மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை விழுங்கியது ஒரு நாய்ச் சாப்பாட்டுப் பை. அதைத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வளர்க்கும் ஜிம்மிக்கு ஏழு வயது. இரண்டு வருடமாக அவனுக்கு 'வயிறு'. அம்மா அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். மருத்துவர் வைத்த பெயர் நாள்பட்ட குடல் அழற்சி. வயிற்றுப்போக்கு மூன்று வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தால், குடல்புழுவா, கணையக் கோளாறா, வேறு ஏதாவதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் அந்தப் பெயருக்கு வருவார்களாம். வந்த பிறகு முதல் மருந்து சாப்பாடு. சாப்பாட்டை மாற்றினாலே அடங்கிவிடும் நாய்கள் நிறைய. அடங்குமா என்பது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஜிம்மி பத்தே நாளில் அடங்கினான். ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருந்ததால் வாரத்துக்கு ஒன்றாக 6 ஊசியும் போட்டார்கள். பிறகு சோதனைக்காகக் கோழி கொஞ்சம் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் நாளே பழைய கதை. அன்றிலிருந்து கோழி அவனுக்கு விஷம்.

நாம் சின்ன வயதில் நாய் வளர்த்த அழகு உங்களுக்குத் தெரியும். மிஞ்சியது தட்டில், தண்ணீர் சட்டியில், வயிறு கெட்டால் புல்லைத் தின்று கக்கிவிட்டு அதுவே சரியாகும். அதே வீட்டில் இன்று அம்மா சமையலறைத் தராசில் கிராம் பார்த்துப் போடுகிறார். பழைய டைரி ஒன்றில் தினமும் ஜிம்மியின் மலத்துக்கு மதிப்பெண் வேறு. 1 என்றால் கல், 7 என்றால் வெறும் தண்ணீர். 2 வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. என் பள்ளி மதிப்பெண்களைக்கூட அம்மா இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் பை தீர்ந்தது. கடைக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடத்தில் ஒரு பையன் வண்டியில் வந்து வாசலில் இறக்கினான். நான் இருக்கும் நாட்டில் இதே பைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும், சீட்டைக் கடைக்காரர் சரிபார்க்க இரண்டு நாள் ஆகும், பிறகு நானே போய்த் தூக்கிக்கொண்டு வரவேண்டும். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டேன். ஒரு நாள் கழித்து டைரியில் 5. மறுநாள் 6.

அப்போதுதான் பையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் அதே கம்பெனி, அதே நிறம், அதே நாய்ப்படம். ஆனால் ஜிம்மிக்குரியது ஹைட்ரலைஸ்டு புரதப் பை. அதாவது புரதத்தை நொதிகளால் துண்டு துண்டாக நறுக்கி, உடம்பின் எதிர்ப்பு மண்டலத்துக்கு 'இது இன்னது' என்று அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாக்கிய உணவு. வந்திருந்தது எளிதில் செரிக்கும் வகைப் பை. அதுவும் வயிற்றுக்கானதுதான், கெட்டதில்லை. திடீரென்று வயிறு கெட்ட நாய்க்கு அது போதும். ஆனால் அதில் இருந்தது நறுக்காத, முழுக் கோழிப் புரதம்.

கடைக்குப் போனேன். பையன் துளியும் பதறவில்லை.

"பை அதே நிறம்தான், அண்ணா. இதுவும் வயித்துக்குத்தான். அது ஸ்டாக் இல்ல, அதான் உங்களக் காக்க வைக்க வேண்டாமேன்னு இதக் கொடுத்தேன்."

என்னைக் காக்க வைக்க வேண்டாமாம். இந்த அன்புக்கு என்ன பதில் சொல்வது? அங்கே இருப்பவர்கள் ஸ்டாக் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். எரிச்சலாக வரும். ஆனால் நாய் பிழைத்துக்கிடக்கும்.

பையன் அதோடு விடவில்லை. தானியமே இல்லாத பை ஒன்றைக் காட்டினான், வயிற்றுக்கு ரொம்ப நல்லதாம். தானிய ஒவ்வாமை நாய்களுக்குக் குறைவு, வழக்கமாகத் தொல்லை கொடுப்பவை மாடு, பால், கோழி மாதிரிப் புரதங்கள் என்று சொன்னேன். தானியமில்லா உணவுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கிய கதையையும் எடுத்துவிட்டேன். பாவம், கேட்டுக்கொண்டே நின்றான்.

அடுத்து ஒரு டின். "கொழுப்பு பாருங்கண்ணா, நாலே நாலு பெர்சன்ட். உங்க பையில பன்னெண்டு."

இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டின்னில் ஈரம் நூற்றுக்கு 78. மீதி உள்ள உலர்ந்த பொருள் 22தான். அந்த 22இல் கொழுப்பு 4 என்றால் நூற்றுக்குப் பதினெட்டு. பையில் ஈரம் 10, மீதி 90. அதில் 12 என்றால் பதின்மூன்றுக்குச் சற்று மேல். ஆக, கொழுப்பு கூடுதல் டின்னில்தான். அதிலும் அந்த 4 'குறைந்தபட்சம்' என்று அச்சிட்டிருந்தது, உள்ளே அதற்கு மேலும் இருக்கலாம். "முன்பக்கம் விளம்பரம் தம்பி. எதுவாக இருந்தாலும் பின்பக்கம் படிக்கணும்" என்று பிரசங்கம் வேறு. பின்னால் இரண்டு பேர் பில் போடக் காத்திருந்தார்கள். பையன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிண்டலுக்கா, நிஜமாகவா என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் ஜிம்மியை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நெடுநேரம் காத்திருந்தோம், அதை விடுங்கள். உள்ளே போவதற்கு முன் அங்கே உதவியாளராக இருக்கும் ஒரு அக்கா, வயது ஐம்பது இருக்கும், ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"போன வாரம் இவன் வாய்க்குள்ள போனதெல்லாம் எழுதுங்க தம்பி. சாப்பாடு மட்டும் இல்ல. மாத்திரை, மாத்திரையை எதுல பொதிஞ்சு கொடுத்தீங்க, தரையில நக்கினது, எல்லாம்."

அம்மா எழுதினார். பழைய பை, இத்தனை கிராம். புதுப் பை, எந்த நாளிலிருந்து. தண்ணீர். மாத்திரை வெறுமனே, எதிலும் பொதியாமல். பூச்சி மருந்துகூட மாட்டிறைச்சிச் சுவையூட்டியது வேண்டாம் என்று சுவையில்லாததாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த அக்கா தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க. ஒண்ணும் கொண்டு வரலியா இவனுக்கு?"

கொண்டுவந்திருந்தேன். சால்மன் மீன் பிஸ்கட். அங்கே என் நாய்க்கு உயிர். மீன்தானே, கோழி இல்லையே என்று வந்த இரவிலிருந்து தினம் இரண்டு, அம்மா தூங்கிய பிறகு. பாதிப் பாக்கெட் என் தோள்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பாக்கெட்டைத் திருப்பி, விரலை வரிக்கு வரி நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்தினார். சால்மன், உருளைக்கிழங்கு, அடுத்தது கோழி மாவு.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பையால் வந்ததா, பிஸ்கட்டால் வந்ததா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் நிறுத்துங்கள், பழைய உணவு மட்டும், பத்து நாளைக்கு அவன் வாயருகே வேறு எதுவும் போகக்கூடாது, வந்த விருந்தாளிகளுக்கும் சொல்லிவையுங்கள் என்றார். விருந்தாளி என்று அங்கே நின்றது நான் ஒருவன்தான். மருந்தெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் நாயை அங்கே எத்தனையோ முறை மருத்துவரிடம் காட்டியிருக்கிறேன். பத்துப் பக்கப் படிவத்தில் சாப்பாடு என்று ஒரு கட்டம் இருக்கும், கம்பெனி பெயரை நிரப்பிவிட்டுப் போவேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

டைரியில் 5, 4, 4, 3. மதிப்பெண் கெட்டுப்போன நாளுக்கு நேராக அம்மா ஒரு அம்புக்குறி போட்டு 'இவன் பிஸ்கட்' என்று எழுதியிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சரியான பை வந்தது. அதே பையன். வண்டியை விட்டு இறங்காமலே பையைத் திருப்பி, பின்பக்கம் என் பக்கமாகப் பிடித்தான்.

"நான் படிச்சுட்டேன் அண்ணா. நீங்களும் ஒருதரம் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

படித்தேன். இரண்டு தரம்.