கரியர் அண்டு ஐவ்ஸும் லூயி பிராங்கும்: கல்லச்சில் நிறம் ஏறிய இரு வழிகள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீட்டுச் சுவர்களை நிறைத்த கல்லச்சுப் படங்களில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப் படங்கள்), நியூயார்க்கின் கரியர் அண்டு ஐவ்ஸ் அச்சகமும் பாஸ்டனின் அச்சாளர் லூயி பிராங்கும் நிறத்தைக் கையாண்ட முறை முற்றிலும் வேறானது. கரியரின் அச்சகத்தில் பெரும்பாலும் கறுப்பு மை மட்டுமே கல்லிலிருந்து தாளில் ஏறும். பிறகு மேசையைச் சுற்றி அமர்ந்த பெண்கள், எதிரே வைத்த மாதிரியைப் பார்த்து ஆளுக்கொரு நிறமாகத் தீட்டி, தாளை அடுத்தவரிடம் நகர்த்துவார்கள். அதனால் ஒரே படத்தின் இரு பிரதிகளில் வானத்தின் நீலம்கூடச் சற்று மாறுபடும்.

பிராங் எண்ணெய் ஓவியத்தின் சாயலையே நாடினார்: நிறத்துக்கொரு கல், சில படங்களுக்கு 20க்கும் மேற்பட்ட கற்கள், ஒன்று இம்மி பிசகினாலும் விளிம்பு கலங்கிவிடும். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. நுட்பத்தில் பிராங்கே மேல். ஆயினும் 1840இல் லெக்சிங்டன் நீராவிக் கப்பல் எரிந்ததைச் சில நாட்களிலேயே படமாக்கி விற்ற கரியரிடம்தான் அக்காலத்து மக்களின் பரபரப்பை நான் காண்கிறேன்.