குபோலாவா, இண்டக்ஷன் உலையா? கோக்கை விட்ட ஒருவனின் கணக்கு

கோவை கணபதியில் எங்கள் வார்ப்பாலை பம்பு உறைகள் வார்க்கிறது. அப்பா காலத்திலிருந்து குபோலாதான்: கோக்கை, அதாவது நிலக்கரியைச் சுட்டெடுத்த எரிபொருளை, எரித்து இரும்பை உருக்கும் உலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதை இறக்கிவிட்டு, மின்சாரத்தால் உருக்கும் 500 கிலோ இண்டக்ஷன் உலை வைத்தோம். மாறலாமா என்று யோசிக்கிறவர்கள் அடிக்கடி வந்து பார்த்துப் போகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் சாய்வு மின் உலைப் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். குபோலா மலிவு. தகடு, நெருப்புச் செங்கல், ஒரு ப்ளோயர் இருந்தால் நின்றுவிடும். இண்டக்ஷனுக்கு முதலீடு பல மடங்கு. உயரழுத்த மின் இணைப்பும் வேண்டும். ஆனால் கோக்கிலிருந்து இரும்பில் கந்தகம் ஏறுகிற தொல்லை இதில் இல்லை. கலவையையும் உருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம்.

இனி புகை. குபோலாவில் விறகு மூட்டி, அடிக் கோக் தணலாகும்வரை வருகிற புகைதான் மிக மோசம். அந்த நேரத்தில் உலை சூடேறியிருக்காது, கரி முழுதாக எரியாது. காற்று கொடுத்த பிறகு கருமை குறையும். ஆனால் கோக் தூளும் இரும்பு ஆக்சைடும் மேலே போய்க்கொண்டே இருக்கும். இரும்பு உருக்கும் நாளன்று மாலை எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் நீர்மேல் மெல்லிய கரும்படலம் மிதக்கும். விரலால் தொட்டால் ரேகைக்குள் இறங்கும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அதே காற்றைத்தான் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் சுவாசித்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மின் உலையிலும் துருவும் எண்ணெயும் படிந்த ஸ்கிராப்பைப் போட்டால் புகை வரும். ஸ்கிராப்பைச் சுத்தமாக எடுத்தால் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

புகை போய்விட்டது, ஆகவே காற்றுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று முதலில் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டபோது அந்த நிம்மதி போயிற்று. ஒரு டன் இரும்பை உருக்க எங்கள் குபோலா சுமார் 120 கிலோ கோக் தின்றது. நல்ல கோக் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கரியமில வாயு. ஆக 360 கிலோ. கசடு பிரிக்கப் போடும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதையும் சேர்த்தால் 380-ஐ ஒட்டும். மின் உலை ஒரு டன்னுக்கு 600 யூனிட் எடுக்கிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்பதால், 420 கிலோ! நம் கண்ணுக்குத் தெரிந்த புகையை நிறுத்திவிட்டு, மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரியை எரிக்கச் சொல்லியிருக்கிறோம். அங்கே மின்வடிகட்டிகள் சாம்பலைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன, வாயுவைப் பிடிப்பதில்லை.

ஆனால் கோக்கின் கணக்கு நம் உலை வாயில் தொடங்குவதில்லை. ஒரு டன் கோக்குக்கு ஒன்றரை டன் அளவுக்குக் கோக்கிங் நிலக்கரி வேண்டும். அதைக் காற்றுப் படாமல் சுடும்போது பிரியும் வாயுவைப் பழைய வகைச் சூளைகள் பயன்படுத்தாமல் எரித்தே விடுகின்றன. அதற்கும் முன்னால் சுரங்கம். நம் நாட்டுக் கோக்கிங் நிலக்கரிக்குப் பெயர்பெற்ற ஜாரியாவில் பூமிக்கடியில் தீ இருப்பது 1916-இலேயே பதிவாகியிருக்கிறது. இன்னும் முழுதாக அணையவில்லை. யாருக்கும் பயன்படாமல் எரிகிற நிலக்கரி அது. ஆழச் சுரங்கங்களில் கசியும் மீத்தேன் வேறு. 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். அனல்மின் நிலக்கரிக்கும் சுரங்கம் உண்டுதான். ஆனால் அதில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அவற்றில் டன்னுக்கு வெளிவரும் மீத்தேன் குறைவு.

இதையெல்லாம் கூட்டினாலும் இரண்டும் ஏறக்குறைய அருகருகேதான் நிற்கின்றன. எனக்குத் தராசைச் சாய்த்தது வேறொன்று: கோக்குக்கு நிலக்கரியை விட்டால் வேறு வழி கிடையாது, மின்சாரத்துக்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு காற்றாலையில் பங்கு வாங்கினோம். அந்த மாதங்களில் எங்கள் பயன்பாட்டில் பெரும்பகுதி அதிலிருந்தே கழிகிறது. அப்போது அந்த 420 என்ற எண் சரசரவென்று இறங்குகிறது. பிப்ரவரியில் மறுபடி ஏறிவிடும். அதையும் மறைக்கக் கூடாது. கூரையில் சூரியத் தகடு போட்டால் பிப்ரவரிக்கும் ஓரளவு வழி பிறக்கும். எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் இன்னும் துணியவில்லை. கோக்கும் முழுதாக ஒழியவில்லை: எஃகு ஸ்கிராப்பை உருக்கும்போது கார்பன் ஏற்றப் பெட்ரோலியக் கோக் தூள் கொஞ்சம் சேர்க்கிறோம்.

பராமரிப்பில் மின் உலை கண்டிப்பானது. லைனிங், அதாவது உலையின் உட்பூச்சு, தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் உருகிய இரும்பு உலையைச் சுற்றியிருக்கும் செம்புக் காயிலைத் தொடும். காயிலுக்குள் ஓடுவது தண்ணீர், பிறகு வெடிப்புதான். குளிர்விக்கும் தண்ணீருக்கு மாற்று பம்பு இல்லாமல் உலையைப் போடவே கூடாது. 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் குபோலாவை விடாததற்கு இதுவே காரணம்: பாதி உருகிய இரும்பு உலைக்குள் உறைந்துபோனால் அந்த லைனிங் முடிந்தது. குபோலாவிலோ ஜெனரேட்டரில் ப்ளோயரை ஓட்டிச் சமாளித்துவிடலாம்.

நடுவே ஒரு வழி இருக்கிறது. இரட்டை வரிசைத் துளைகளில் காற்று கொடுக்கும் குபோலாவை டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் 1998-இல் ஹவுராவில் நிறுவிக் காட்டியது. மேல் வரிசைக் காற்று கார்பன் மோனாக்சைடையும் எரித்து அதன் வெப்பத்தை வாங்கிவிடுவதால் கோக் நன்றாகக் குறைகிறது. நான் அதை ஓட்டியவனல்ல. நண்பர் ஒருவரின் கொட்டகையில் இரண்டு உருக்கு நாள் நின்று பார்த்திருக்கிறேன். புகை கழுவும் கருவியோடு ஓடியது, கருமை வெகு குறைவு. வாரம் இரண்டே நாள் உருக்குகிறவர் கடன் வாங்கி மின் உலைக்குப் பாய வேண்டாம். அவருக்கு இதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

தினமும் உருக்குகிறவர் மாறலாம். ஆனால் உலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் காற்றாலைப் பங்குக்கான ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் உலையை முதலில் வாங்கி, பங்குக்கு ஒன்றரை ஆண்டு அலைந்தோம். அந்த ஒன்றரை ஆண்டும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில்தான் உருக்கினோம்.