சும்மா இருக்க எந்தத் தீவு: ஹேவ்லாக்கா, நீல் தீவா?

அந்தமான் போகிறவர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீல் தீவில் ஒரு இரவு என்று பிரித்துக்கொள்கிறார்கள். பயண முகவர்கள் போட்டுத் தரும் கணக்கு அது. சுற்றிப் பார்க்க அது சரி. எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு: கடலில் குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவது, எழுந்து மறுபடி கடலுக்குப் போவது. முட்டிவலியோடு அம்மாவும் கூட வந்தார். பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையே வேண்டாம், ஒரே தீவில் இருப்போம் என்று முடிவு செய்தோம். ஹேவ்லாக்கில் முன்பே தங்கியிருக்கிறோம் என்பதால் இந்த முறை நீல். அடுத்த முறையும் நீல்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதை அந்தச் சாய்வோடு படித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. படகுச் சீட்டில் புதுப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஆட்டோக்காரரிடம் பழைய பெயர் செல்லும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டே கால் மணி நேரம் போல. அங்கிருந்து இரண்டு தீவுக்கும் தனியார் படகுகள், அரசுப் படகுகள் இரண்டும் உண்டு. தூரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. மணல் வெள்ளை, தண்ணீர் பச்சை, மீன் சாப்பாடு இரண்டு இடத்திலும் பிரமாதம். இதையெல்லாம் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தேர்வைத் தீர்மானிப்பது கடல் உள்வாங்கும் நேரம். மெரினாவில் குளித்துப் பழகிய நமக்கு இது பிடிபடக் கொஞ்சம் நாளாகும். அந்தமானில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். கரை சரிவாக இருக்கும் இடத்தில் அது பெரிதாகத் தெரியாது. பவளப்பாறை மேடாகப் பரந்து கிடக்கும் இடத்தில், காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம் மதியம் பாறையும் சேறுமாகக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் தூரம் போய்விடும்.

ஹேவ்லாக்கின் சிக்கல் இங்கேதான். நடுத்தர வாடகை விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம் இருக்கின்றன. கடல் இறங்கும்போது அந்தக் கரை பாறையாகிவிடும். ‘கடலை ஒட்டிய அறை’ என்ற விளம்பரம் பொய்யில்லை, ஆனால் கடல் அங்கே இருக்கும் நேரத்தை யாரும் சொல்வதில்லை. எந்நேரமும் குளிக்கத் தோதான ராதாநகர் மேற்குக் கரையில், படகுத்துறையிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். புகழுக்குக் குறைவில்லாத இடம்: அடியில் சுத்த மணல், பின்னால் வானளவு மரங்கள். ஆனால் அங்கே போக ஆட்டோ பேச வேண்டும், அல்லது ஸ்கூட்டர் எடுக்க வேண்டும். ஈர உடையோடு திரும்ப வேண்டும். சூரியன் அங்கே குளிர்காலத்தில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். இருட்டுவதற்குள் விசில் அடித்துக் கரையேற்றிவிடுவார்கள். ஆக, குளிக்கப் போவதே அன்றைய பயணத் திட்டமாகிவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை முங்கிவிட்டு வரலாமே என்று தோன்றினால் அவ்வளவு சுலபமில்லை.

நீல் தீவிலும் கடல் உள்வாங்கும், ஏன், அதிகமாகவே உள்வாங்கும். லட்சுமண்பூர் இரண்டாம் கரையில் ஏற்றத்தின்போது போனால் நடக்கவே இடமிருக்காது. வித்தியாசம் தீவின் அளவில் இருக்கிறது. ஒரு முனை லட்சுமண்பூர், மறுமுனை சீதாபூர். நடுவில் படகுத்துறை, பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. (ஊர்ப் பெயர்களெல்லாம் ராமாயணம், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் ஊர்கள்.) படகுத்துறையிலிருந்து சீதாபூர் 5 கி.மீ. போல, லட்சுமண்பூர் அதிலும் பாதிதான். வாடகை சைக்கிள் போதும். தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் திரும்பிவந்து படுக்கலாம். அம்மாவுக்கு ஆட்டோ வைத்தாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் சவாரி.

இறங்கிய கடலும் அங்கே வீணாவதில்லை. லட்சுமண்பூர் இரண்டில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, நண்டு, குட்டி மீன்கள் என்று ஒரு முழுக் காலைப்பொழுது போகும். ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்று சொல்லும் இயற்கைப் பாறை வளைவுக்குப் போவதும் இறக்கத்தில்தான். ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். கிளிஞ்சலோ பவளமோ எடுத்து வர அனுமதியில்லை, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தங்கும் நாட்களும் இதில் சேர்த்தி. ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் வற்றிக் கிடந்தால், ஒரு வாரத்தில் அதே நண்பகலில் நிறைந்திருக்கும். ஒரே இரவு தங்கிவிட்டு ‘நீல் தீவில் குளிக்கவே முடியவில்லை’ என்று சொல்பவர்கள் இறக்க நேரத்தில் மாட்டியவர்களாக இருக்கலாம். அறை பதிவு செய்யும் முன் போர்ட் பிளேருக்கான ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டு தீவுக்கும் ஏறத்தாழ அதுவே பொருந்தும்.

ஹேவ்லாக் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஆழ்கடல் டைவிங் என்றால் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்கள். நான் முகமூடி போட்டு மிதப்பதோடு சரி, அதனால் உறுதியாகப் பேச மாட்டேன். உணவகங்களும் அங்கே அதிகம். சென்னையிலிருந்து கடலடியில் போட்டு 2020இல் திறந்த இணையக் கேபிள் ஹேவ்லாக் வரை போகிறது. அது போய்ச் சேரும் தீவுகளில் நீல் இல்லை. மடிக்கணினியோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். பணம் தாராளமாக இருந்தால் ராதாநகரை ஒட்டியே தங்கலாம். விடுதிகள் குறைவு, வாடகை அதிகம், ஆனால் நான் மேலே சொன்ன குறை முழுக்க அடிபட்டுப்போகும். அப்படித் தங்க முடிந்தால் நானே ஹேவ்லாக் என்பேன்.

நீலின் குறைகளில் முதலாவது பரத்பூரின் பகல் நேரம். பகலில் வந்து போகும் கூட்டம், ஜெட் ஸ்கீ இரைச்சல். பிற்பகல் படகுகள் கிளம்பிய பிறகு ஊர் சட்டென்று காலியாகிறது. அதனால் அறையை லட்சுமண்பூர் பக்கம் எடுப்பது நல்லது. அந்திச் சூரியனும் அங்கேதான். கைப்பணம் வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

நாங்கள் போனது பிப்ரவரியில். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்புமான காலம், படகுகள் ரத்தாவதுண்டு. அந்தக் காலத்தில் போய்ப் பார்த்ததில்லை. எந்த மாதமானாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் தங்கிவிடுங்கள்.